பெட்டியில் உள்ள எண்ணும் பேனையில் உள்ள பாரமும்

மடவளையில் இருந்து ஒரு வாசகர் தொலைபேசியில் கேட்டார். "மகன் ஓ லெவல் எழுதிவிட்டு டிசைன் படிக்கிறான் நானா. கணனியில் வரைவதற்கு ஒரு டெப்லட் வேண்டுமாம். 8192 லெவல் உள்ளதுதான் சரி என்று நிற்கிறான். 2048 உள்ளதைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். இந்த எண்ணுக்காக இரண்டு மடங்கு காசு கொடுக்கலாமா?"

நல்ல கேள்வி. இதே கேள்வியை அச்சகம் நடத்துபவர்களும், லேபல் அடிப்பவர்களும், கணனிக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் சிலரும் கேட்டிருக்கிறார்கள். பன்விலயில் நான் நடத்துவது காகிதாதிகள் கடை. கல்யாண அழைப்பிதழ், பில் புத்தகம், மிளகு, கராம்பு, ஏலக்காய் பக்கெட்டுகளுக்கான லேபல் என்று ஓடர் எடுத்து அச்சகத்துக்குக் கொடுப்பதும் உண்டு. டிசைன் செய்யும் பிள்ளைகளோடு தினமும் பழகுவதால் இந்தப் பேனை விஷயத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. வாங்குபவர், விற்பவர், டிசைனருக்கு வேலை கொடுப்பவர் ஆகிய மூவருக்கும் பயன்படும் வகையில் இந்த வாரம் அதை விளக்குகிறேன்.

உயிருள்ளவற்றின் உருவம் வரைவது பற்றிய மார்க்கக் கேள்வியை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். இங்கே பேசப்போவது எழுத்து, கொடி, பூ வேலை, லேபல், பெயர்ப்பலகை பற்றி மட்டுமே.

மவுஸுக்குத் தெரியாத விஷயம்

கணனி மவுஸுக்கு இரண்டே செய்திதான் தெரியும். ஒன்று, பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது. மற்றது, அழுத்தப்படவில்லை. மெதுவாக அழுத்தினீர்களா, பலமாக அழுத்தினீர்களா என்று அதற்குத் தெரியாது. ஆகவே மவுஸால் கோடு இழுத்தால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிப்பில் வரும், கம்பி வளைத்தது போல.

தூரிகை அப்படி இல்லை. முனையை மட்டும் வைத்தால் மயிரிழை போன்ற கோடு. சற்று அழுத்தினால் நார்கள் விரிந்து கோடு அகலும். தூக்கும்போது மறுபடி மெலிந்து கூராக முடியும். பெயின்ட் தொட்டுப் பெயர்ப்பலகை எழுதியவர்களின் 'க'வும் 'ழ'வும் உயிரோடு இருந்ததற்குக் காரணம் இதுதான். நம் கண்டிப் பிரதேசத்தில் இது பழைய வித்தை. அமுணுகமவில் உள்ள தெகல்தொருவை விகாரையின் சுவரோவியங்கள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்தக் காலக் கண்டி ஓவியர்கள் மெல்லிய கோட்டுக்கு ஒரு வகைப் புல்லின் நாரில் தாங்களே தூரிகை செய்துகொண்டதை ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலில் விவரித்திருக்கிறார். கோட்டின் தடிப்பும் மெலிவும் ஓவியனின் கைப்பாரத்தில் இருந்து வருகிறது என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

அந்தக் கைப்பாரத்தைக் கணனிக்குச் சொல்லும் கருவிதான் பென் டெப்லட். பேனை முனையை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அது எண்ணாக மாற்றிக் கணனிக்கு அனுப்புகிறது. வரைகின்ற மென்பொருள் அந்த எண்ணைப் பார்த்துக் கோட்டைத் தடிப்பாக்குகிறது அல்லது மெலிதாக்குகிறது. இதைத்தான் 'பிரஷர் சென்சிட்டிவிட்டி' என்கிறார்கள். தமிழில் அழுத்த உணர்வு என்று சொல்லலாம்.

பேனைக்குள் என்ன இருக்கிறது?

இந்தத் துறையில் முன்னோடி ஜப்பானின் சைத்தாமா மாநிலத்தில் 1983இல் தொடங்கப்பட்ட வேகொம் நிறுவனம். அவர்களுடைய முறையில் டெப்லட்டின் மேற்பரப்புக்குக் கீழே மெல்லிய கம்பிகள் வலை போலப் பின்னப்பட்டிருக்கும். அந்த வலை ஒரு மின்காந்த அலையை வெளியிடுகிறது. பேனைக்குள் இருக்கும் சிறிய கம்பிச் சுருள் அந்த அலையில் இருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு பதில் அலையைத் திருப்பி அனுப்புகிறது. பதில் எந்த இடத்தில் பலமாக வருகிறதோ அங்கே பேனை இருக்கிறது என்று டெப்லட் கண்டுகொள்கிறது. முனையை அழுத்தும்போது பேனைக்குள் இருக்கும் பாகம் மிகச் சிறிதளவு நகர்ந்து பதில் அலையின் தன்மை மாறுகிறது. அந்த மாற்றத்தின் அளவுதான் அழுத்தம்.

சக்தி டெப்லட்டில் இருந்தே கிடைப்பதால் பேனைக்கு பெட்டரி தேவையில்லை. முன்னர் மலிவு விலைச் சீனப் பேனைகள் பெட்டரி போட்டோ சார்ஜ் செய்தோதான் வேலை செய்தன. 2018 அளவில் இருந்து ஹுயோன், எக்ஸ்பீ-பென் போன்றவர்களும் பெட்டரி இல்லாத பேனைகளைப் பரவலாகக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆகவே இன்று புதிதாக வாங்குபவர் சார்ஜ் செய்ய வேண்டிய பேனையை வாங்க அவசியமில்லை.

பேனையோடு வரும் பெரிய சாம்சுங் தொலைபேசி வைத்திருக்கும் முதலாளிமார் பலர் அதைக் கணக்கு எழுதவும் கையெழுத்துப் போடவும் மட்டும் பயன்படுத்துகிறார்கள். 2011இல் வந்த முதலாவது கெலக்ஸி நோட் முதல், அந்தப் பேனையில் இருப்பதும் இதே வேகொம் முறைதான். மகனுக்கு இந்த வேலை கைவருமா என்று பார்க்க விரும்பினால், டெப்லட் வாங்கும் முன் அந்தத் தொலைபேசியை ஒரு வாரம் அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். செலவில்லாத பரீட்சை.

எண் எதைச் சொல்கிறது?

இனி அந்த 8192க்கு வருவோம். அழுத்தமே இல்லாத நிலைக்கும் முழு அழுத்தத்துக்கும் இடையில் எத்தனை படிகளாகப் பேனை பிரித்துச் சொல்கிறது என்பதே அந்த எண். கணனி எல்லாவற்றையும் இரண்டு இரண்டாகப் பெருக்குவதால் இந்த எண்களும் அப்படியே போகின்றன: 256, 512, 1024, 2048, 4096, 8192. வேகொம் 1998இல் கொண்டுவந்த முதலாவது இன்டுவோஸ் 1024 படிகள் கொண்டது. 2009இல் வந்த இன்டுவோஸ் 4 என்பதில் 2048. 2017இல் வந்த இன்டுவோஸ் புரோவில் 8192. 2023இல் எக்ஸ்பீ-பென் 16,384 என்று அறிவித்தது.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நாம் எழுதும் எழுத்தின் மிகத் தடித்த இடம் திரையில் 40 புள்ளி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1024 படி உள்ள பேனை ஒவ்வொரு புள்ளிக்கும் 25 படி தருகிறது. 8192 உள்ள பேனை ஒரு புள்ளிக்கு 200 படிக்கு மேல் தருகிறது. ஒரு புள்ளியை 25 ஆகப் பிரித்ததையும் 200 ஆகப் பிரித்ததையும் எந்தக் கண்ணும் வேறுபடுத்திப் பார்க்காது, எந்தக் கையும் அப்படி அழுத்தாது. மிகப் பெரிய தூரிகையில் மெல்லிய நிறச் சாயல்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசும் ஓவியருக்குக் கூடுதல் படிகளால் சிறிது பயன் இருக்கலாம். லேபலுக்கும் பெயர்ப்பலகைக்கும் 2048 தாராளம்.

அப்படியானால் 1998இல் வந்த பேனையும் இன்றைய பேனையும் ஒன்றா? இல்லை. வேறுபாடு அந்த எண்ணில் இல்லை, வேறிடத்தில் இருக்கிறது. அதற்கு நமக்குப் பழக்கமான தராசையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு சுருள்வில் தராசின் முகப்பில் ஆயிரம் கோடுகள் கீறப்பட்டிருக்கின்றன. ஆனால் 50 கிராம் மிளகு போடும் வரை முள் அசையவே இல்லை. அந்தத் தராசில் ஆயிரம் கோடு இருந்து என்ன பயன்? ஏலக்காய் நிறுக்க அதை யாராவது வாங்குவார்களா? பேனையிலும் இதே கதைதான். எவ்வளவு மெதுவாகத் தொட்டால் பேனை உணரத் தொடங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி. நல்ல பேனை இறகு பட்டது போன்ற தொடுகைக்கே கோடு போடும். மட்டமான பேனை ஓரளவு அழுத்திய பின்தான் விழிக்கும். அப்படிப்பட்ட பேனையில் கோட்டின் மெல்லிய நுனி வரவே வராது. பெட்டியில் 8192 என்று எழுதியிருந்தாலும் வராது.

இரண்டாவது, ஏற்றம் ஒரே சீராக இருக்கிறதா என்பது. பாரத்தைக் கூட்டக் கூட்ட முள் படிப்படியாக ஏற வேண்டும். சில பேனைகளில் தொடக்கத்தில் ஒன்றுமே நடக்காது, பிறகு திடீரென்று கோடு தடித்துவிடும். மூன்றாவது, கையைத் தூக்கும்போது முள் உடனே திரும்புகிறதா என்பது. திரும்பாவிட்டால் ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் தேவையில்லாத ஒரு வால் தொங்கும்.

இந்த மூன்றையும் பெரும்பாலும் பெட்டியில் அச்சிடமாட்டார்கள். படிகளின் எண்ணையே பெரிதாக அச்சிடுகிறார்கள். இதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பொருளின் குணத்தைச் சொல்லாத எண்ணை முன்னால் வைத்து விலையை ஏற்றுவது எப்படிப்பட்ட வியாபாரம் என்பதை நாம் யோசிக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டறிந்த சம்பவம் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. டெப்லட் விற்கும் சகோதரர்கள் ஒரு மாதிரிப் பொருளைத் திறந்து கடையில் வைத்து, வாங்க வருபவர் கையால் தொட்டுப் பார்க்க இடம் கொடுங்கள். வியாபாரம் குறையாது, கூடும்.

கடையில் ஐந்து நிமிடம்

கொழும்பு யுனிட்டி பிளாசாவில் வாங்கினாலும் கண்டி டவுனில் வாங்கினாலும் காசு கொடுக்கும் முன் இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள். வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலாவது, பேனையின் சொந்தப் பாரத்தால் மட்டும் கோடு இழுங்கள். விரலால் அழுத்தாதீர்கள். கோடு விழ வேண்டும்.

இரண்டாவது, மெதுவாகத் தொடங்கி, நடுவில் அழுத்தி, மறுபடி மெதுவாக முடியுங்கள். மீன் வடிவில் இரு நுனியும் கூராக வர வேண்டும். பத்துத் தடவை செய்யுங்கள். பத்தும் ஏறக்குறைய ஒன்று போல இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஓர் அடிமட்டத்தை டெப்லட்டின் மேல் சாய்வாக வைத்து மிக மெதுவாகக் கோடு இழுங்கள். கோடு நேராக வர வேண்டும். பாம்பு போல நெளிந்தால் உள்ளே இருக்கும் கம்பி வலை மட்டமானது.

நான்காவது, ஒரு பீரிசைக் கவிழ்த்து வைத்துச் சுற்றி வரையுங்கள். திரையில் வட்டம் வர வேண்டும். முட்டை வடிவம் வந்தால் பயப்பட வேண்டாம். டெப்லட்டின் நீள அகல விகிதம் திரையின் விகிதத்தோடு பொருந்தவில்லை என்று அர்த்தம். ட்ரைவர் மென்பொருளில் விகிதத்தைச் சமப்படுத்த இடம் இருக்கும். இல்லாவிட்டால் அந்த டெப்லட் வேண்டாம்.

ஐந்தாவது, மாற்று முனைகள் கிடைக்குமா என்று கேளுங்கள். முனை தேயும் பொருள். சொரசொரப்பான மேற்பரப்பில் இன்னும் சீக்கிரம் தேயும். பேனை தொலைந்தால் தனிப் பேனை கிடைக்குமா என்றும் கேளுங்கள். பேனை இல்லாத டெப்லட் வெறும் பிளாஸ்டிக் தட்டுதான். உத்தரவாதக் காலத்தை பில்லில் எழுதி வாங்குங்கள்.

2022இல் டொலர் 200 ரூபா அளவில் இருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியது யாருக்கும் மறந்திருக்காது. இறக்குமதிப் பொருளில் தப்பான தெரிவு செய்தால் மாற்றி வாங்குவது இலேசில்லை. ஐந்து நிமிடச் சோதனை அந்தச் செலவை மிச்சப்படுத்தும்.

வீட்டுக்கு வந்தபின் வேலை செய்யாத பேனை

"வாங்கி வந்து போட்டேன், கோடு ஒரே தடிப்பில்தான் வருகிறது, பொருள் பழுது" என்று திருப்பிக் கொண்டுவருபவர்கள் உண்டு. பல நேரங்களில் பழுது பொருளில் இருப்பதில்லை. அழுத்தச் செய்தி பேனையில் இருந்து கோடு வரை மூன்று வாசல்களைக் கடந்து வருகிறது. ஒரு வாசல் பூட்டியிருந்தாலும் செய்தி வந்து சேராது.

முதல் வாசல் ட்ரைவர். டெப்லட்டை வயரில் மாட்டியவுடன் அம்புக்குறி நகரும். அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். நகர்வது வேறு, அழுத்தம் வேறு. தயாரித்த நிறுவனத்தின் ட்ரைவரைப் போட வேண்டும். பழைய டெப்லட் ஒன்றின் ட்ரைவர் கணனியில் இருந்தால் முதலில் அதை அகற்ற வேண்டும். இரண்டு ட்ரைவர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

இரண்டாம் வாசல் விண்டோஸ். அழுத்தச் செய்தியைக் கொண்டுசெல்ல அதில் இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று வின்டெப் என்ற பழைய பாதை, மற்றது விண்டோஸ் இன்க் என்ற புதிய பாதை. ட்ரைவர் ஒரு பாதையில் அனுப்ப, மென்பொருள் மற்றப் பாதையில் காத்திருந்தால் இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். ட்ரைவரில் விண்டோஸ் இன்க் என்ற தெரிவை ஒரு தடவை போட்டும் ஒரு தடவை எடுத்தும் பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கிரிட்டாவில் டெப்லட் செட்டிங்ஸ் பக்கத்தில் இந்தப் பாதையை நாமே தெரிவு செய்யலாம்.

மூன்றாம் வாசல் வரையும் மென்பொருள். போட்டோஷொப்பில் எஃப் 5 அழுத்தினால் பிரஷ் பட்டியல் திறக்கும். அதில் 'ஷேப் டைனமிக்ஸ்' என்ற இடத்தில் அளவுக்கான கட்டுப்பாட்டை 'பென் பிரஷர்' என்று வைக்க வேண்டும். பக்கத்தில் சிறிய முக்கோண எச்சரிக்கை தெரிந்தால் முதல் இரண்டு வாசல்களில் ஒன்று பூட்டியிருக்கிறது என்று பொருள். கிரிட்டாவிலும் எஃப் 5தான். அங்கே அளவு, அடர்த்தி ஒவ்வொன்றுக்கும் அழுத்தத்தைத் தனித்தனியே இணைக்கலாம்.

இதற்கு மேல் கவனிக்க வேண்டியது அழுத்த வளைகோடு. தராசைப் பூச்சியத்துக்குச் சரிசெய்வது போன்ற வேலை இது. பாரமான கை உள்ளவர் சும்மா தொட்டாலே கோடு தடித்துவிடும். மெல்லிய கை உள்ளவர் எவ்வளவு அழுத்தினாலும் தடிக்காது. ட்ரைவரில் உள்ள வளைகோட்டைப் பாரமான கைக்குக் கடினமாகவும் மெல்லிய கைக்கு மென்மையாகவும் மாற்ற வேண்டும். ஒரே டெப்லட்டை இருவர் மாறி மாறிப் பயன்படுத்தும் கடைகளில் ஆளுக்கொரு வளைகோட்டைச் சேமித்து வைப்பது நல்லது. மெல்லிய கையோடு மணிக்கணக்கில் அழுத்தி வரைபவருக்கு மணிக்கட்டு வலி வரும். வேலையாளின் கை நம்மிடம் உள்ள அமானிதம்.

லேபலுக்கும் பெயர்ப்பலகைக்கும்

அழுத்தத்தை எதனோடு இணைக்கிறோம் என்பது அச்சு வேலையில் மிக முக்கியம். அளவோடு இணைக்கலாம், நிறத்தின் அடர்த்தியோடும் இணைக்கலாம். படம் வரைபவர் இரண்டையும் பயன்படுத்துவார். ஆனால் கடைப் பெயருக்கும் லேபலில் உள்ள எழுத்துக்கும் அளவை மட்டும் இணைக்கச் சொல்லுங்கள். அடர்த்தியை இணைத்தால் திரையில் எழுத்து அழகாக மங்கித் தெரியும். அச்சில் அந்த மங்கலான இடங்கள் சிறு சிறு புள்ளிகளாக விழும். பொலித்தீன் பக்கெட்டில் ஸ்கிரீன் பிரின்ட் அடித்தால் எழுத்து அரித்துப்போனது போல இருக்கும்.

இன்னொன்று பெரிதாக்கும் பிரச்சினை. போட்டோஷொப்பிலும் கிரிட்டாவிலும் தூரிகைக் கோடு புள்ளிகளால் ஆனது. விசிட்டிங் கார்ட்டுக்கு எழுதியதை 20 அடிப் பலகைக்குப் பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டு போலத் தெரியும். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டுக்கு இலஸ்ட்ரேட்டரில் கெலிகிராபிக் பிரஷ், கோரல் ட்ரோவில் ஆர்ட்டிஸ்டிக் மீடியா, இன்க்ஸ்கேப்பில் கெலிகிரபி ஆகிய கருவிகள் இருக்கின்றன. இவையும் பேனை அழுத்தத்தை ஏற்கும். டிசைனருக்குக் காசு கொடுக்கும்போது ஜேபெக் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். பெரிதாக்கக்கூடிய மூலக் கோப்பையும் கேளுங்கள். அந்த எழுத்தின் உரிமை யாருக்கு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.

அரபு எழுத்துக்கு வேறு கணக்கு

பள்ளிவாசல் பலகை, வீட்டுச் சுவரில் மாட்டும் பிஸ்மி, மத்ரஸா சான்றிதழ் என்று அரபு எழுத்து வேலை நம் சமூகத்தில் எப்போதும் உண்டு. இங்கேதான் டெப்லட் வாங்கிய பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். தூரிகைக்குச் செய்த அமைப்பையே அரபுக்கும் வைத்து எழுதினால் எழுத்து எவ்வளவு முயன்றும் சரியாக அமையாது.

காரணம் எளிது. அரபு எழுத்தின் தடிப்பும் மெலிவும் முக்கியமாக அழுத்தத்தில் இருந்து வருவதில்லை. சாய்வாக வெட்டிய நாணல் கலத்தின் அகலத்தில் இருந்தும், அதைப் பிடிக்கும் கோணத்தில் இருந்தும் வருகிறது. பக்தாதில் வஸீராக இருந்து 940இல் காலமான இப்னு முக்லா வகுத்த முறையில், கலத்தின் முனையை வைத்து எடுத்தால் விழும் சாய்சதுரப் புள்ளியே எழுத்துகளுக்கெல்லாம் அளவுகோல். அலிஃப் எத்தனை புள்ளி உயரம் என்று கணக்கு உண்டு. அழுத்தத்துக்கு ஏற்ப முனையின் அகலம் மாறிக்கொண்டே இருந்தால் அளவுகோலே மாறிவிடும். கெஜக்கோல் நீண்டும் சுருங்கியும் கொண்டிருந்தால் புடவை அளக்க முடியுமா?

ஆகவே அரபுக்குத் தட்டையான முனையுள்ள பிரஷைத் தெரிவு செய்து, அதன் கோணத்தை மாறாமல் நிறுத்தி வைக்க வேண்டும். இலஸ்ட்ரேட்டரின் கெலிகிராபிக் பிரஷில் கோணம், உருண்டைத்தன்மை, விட்டம் மூன்றையும் தனித்தனியே அமைக்கலாம். அழுத்தத்தை விட்டத்தோடு மிகச் சிறிதளவு மட்டும் இணைத்தால் மையின் இயல்பு கிடைக்கும், அளவும் கெடாது. தமிழுக்கும் சிங்களத்துக்கும் அழுத்தத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மூன்று மொழியிலும் பலகை வைக்கும் கடைக்காரர்கள் இந்த வேறுபாட்டை டிசைனரிடம் சொல்லிவையுங்கள்.

மென்பொருள் ஹலாலாக இருக்கட்டும்

டெப்லட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு மென்பொருளைத் திருட்டு சிடியில் ஏற்றும் பழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி மென்பொருளையும் பாதுகாக்கிறது. மார்க்கத்தின் பக்கம் பார்த்தால், 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, ஆக்க உரிமையும் வர்த்தகப் பெயரும் மீறக்கூடாத உரிமைகள் என்று தீர்மானித்திருக்கிறது.

வசதி இல்லாதவருக்கு வழி இல்லாமல் இல்லை. கிரிட்டா, இன்க்ஸ்கேப், கிம்ப் மூன்றும் சட்டப்படி இலவசம். கடையின் வருமானத்துக்கும் பயன்படுத்தலாம். தூரிகை வேலைக்கு கிரிட்டா, பெரிதாக்கும் எழுத்துக்கு இன்க்ஸ்கேப். தொடங்குபவருக்கு இவை இரண்டும் போதும்.

இழந்த கைகளை மறுபடி அழைப்போம்

கண்டியிலும் வத்தேகமவிலும் மடுல்கலையிலும் கடைப் பலகைகளைக் கையால் எழுதி வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். பிளெக்ஸ் மெஷின் வந்தது. ஒரு நாள் வேலை ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது, விலையும் குறைந்தது. முதலாளிமார் எல்லோரும் அந்தப் பக்கம் போனோம், நானும் போனேன். அதில் தப்பு ஒன்றுமில்லை, வியாபாரம் அப்படித்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். ஒரே பத்துப் பன்னிரண்டு எழுத்துருக்கள்தான் எல்லாக் கடைகளிலும். ஹார்ட்வெயார் கடையும் ஹோட்டலும் பாமசியும் ஒரே எழுத்தில். மிளகுப் பக்கெட்டுகளில் ஊர்ப் பெயரை மறைத்துவிட்டால் எது பன்வில, எது மாத்தளை என்று கண்டுபிடிக்க முடியாது. பலகை எழுதியவர்களோ முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்கள், வீடுகளுக்கு பெயின்ட் அடிக்கிறார்கள்.

இன்றைக்கு நம் கடைகளில் கோரல் ட்ரோ தெரிந்த பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு மென்பொருள் தெரியும், கைப்பாரம் தெரியாது. பலகை எழுதியவருக்குக் கைப்பாரம் தெரியும், மென்பொருள் தெரியாது. அழுத்தம் உணரும் பேனை இந்த இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார வைக்கப்பட வேண்டிய கருவி. 1991இல் அமெரிக்காவில் மார்க் ஸிம்மரும் டொம் ஹெட்ஜஸும் 'பெயின்டர்' என்ற மென்பொருளை உருவாக்கியபோது அதை ஒரு பெயின்ட் டின்னுக்குள் வைத்து விற்றார்கள். உண்மையான தூரிகை பிடித்தவர்களை அழைப்பதே அவர்களது நோக்கம். தமிழ்நாட்டின் ஓவியர் டிராட்ஸ்கி மருது கணனி ஓவியத்தில் முன்னோடிகளில் ஒருவர். அவரும் ஓவியக் கல்லூரியில் கையால் வரைந்து பழகிய பின்னரே கணனிக்கு வந்தவர்.

ஆகவே அச்சகம், லேபல் வேலை செய்யும் சகோதரர்களுக்கு ஒரு யோசனை. உங்கள் ஊரில் பலகை எழுதிய ஒருவர் இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள். ஒரு டெப்லட்டை அவர் முன் வையுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டு கீழே வரைவது ஒன்றிரண்டு வாரம் சிரமமாக இருக்கும், பிறகு பழகிவிடும். உங்கள் கணனிப் பிள்ளை கோப்பைப் பார்த்துக்கொள்ளட்டும், அவர் எழுத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். எழுத்துக்கு இவ்வளவு என்று பேசி, வேலை முடிந்த உடனே கூலியைக் கொடுங்கள். பெயர் எழுதக் கேட்கும் வாடிக்கையாளரிடம் எழுத்துருவில் செய்தால் இந்த விலை, கையால் எழுதினால் இந்த விலை என்று இரண்டையும் காட்டுங்கள். தெரிவு அவருடையது. புதிய மிளகு பக்கெட் போடுபவர், ஹோட்டல் திறப்பவர், நகைக் கடை வைப்பவர் ஆகியோரில் சிலராவது வேறு எங்கும் இல்லாத எழுத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பார்கள். ஒரு தடவை எழுதிய பெயர் பலகை, பில், பேக், பக்கெட் எல்லாவற்றிலும் வருடக்கணக்கில் உழைக்கும்.

மடவளைச் சகோதரருக்கு என் பதில் இதுதான். எண் குறைந்த டெப்லட்டையே எடுங்கள், மேலே சொன்ன ஐந்து சோதனையிலும் அது தேறினால் மட்டும். மிச்சமாகும் காசில் ஒரு பங்கை ஒதுக்கி, உங்கள் ஊரில் தூரிகை பிடித்த பெரியவர் ஒருவரிடம் மகனை மூன்று மாதம் மாலை நேரங்களில் அனுப்புங்கள். பெயின்ட்டும் பலகையுமாக அவன் கொஞ்சம் பழகட்டும். அந்தப் பெரியவருக்கும் ஒரு வருமானம் ஆகும்.

அடுத்த வாரம், இன்ஷா அல்லாஹ், பக்கெட் லேபலில் நிறை, விலை, காலாவதித் திகதி அச்சிடுவதில் சிறு வியாபாரிகள் கவனிக்க வேண்டியவற்றைப் பார்ப்போம்.